துணைக்கு வாங்கிய மீன்



வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் ஒரு சகோதரி சென்ற மாதம் எழுதியிருந்தார். அவருடைய நாலடித் தொட்டியில் ஒரு வருடமாகப் பவுடர் புளூ என்ற மீன் ஒன்று இருக்கிறது. நீல உடம்பு, கறுத்த முகம், முதுகில் மஞ்சள் துடுப்பு. 'தனியாக இருக்கிறதே, பாவம்' என்று மகள் சொல்ல, வாப்பா அதே இனத்தில் இன்னொன்றை வாங்கி வந்தார். மூன்றாம் நாள் காலை புதியது துடுப்புக் கிழிந்து செத்துக் கிடந்தது. 'தண்ணீரில் பிழையா? இன்னொன்று வாங்கி விடலாமா? பிள்ளை அழுகையை நிறுத்தவில்லை' என்று கேட்கிறார்.

தண்ணீரில் பிழையென்றால் பழையதும் சோர்ந்து போயிருக்குமே, சகோதரி. துணைக்கென்று வாங்கியதுதான் பிழை.

தன் இனத்தைக் கண்டால் மீனும் நம்மைப் போலச் சந்தோஷப்படும் என்று எண்ணி விடுகிறோம். பவளப்பாறை மீன்களில் பலவற்றுக்கு அது பொருந்தாது. பவுடர் புளூ நாள் முழுக்கப் பாறையில் படரும் பாசியைக் கொறித்து வாழ்வது. அதே வடிவமும் அதே வாயும் உள்ள இன்னொன்று வந்தால், அது தன் சாப்பாட்டைப் பறிக்க வந்த எதிரி. மணலில் குந்தியிருக்கும் சிறு மீனையோ இறாலையோ அது திரும்பியும் பார்ப்பதில்லை. ஒஸ்திரியாவைச் சேர்ந்த கொன்ராட் லோரன்ஸ் என்ற அறிஞர் 1963இல் எழுதிய நூலில் இதை விரிவாகச் சொல்கிறார். பகட்டான நிறமுள்ள பவளப்பாறை மீன்கள் தம் இனத்தையே அதிகம் தாக்குகின்றன என்பது அவர் கடலிலும் தொட்டியிலும் கண்டது. 1973இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

'இந்த மீன் கடலில் கூட்டமாகவும் மேய்கிறதே' என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் கடலில் துரத்தப்பட்டது ஓடித் தப்பலாம். நாலடித் தொட்டியில் இரண்டு தரம் வாலை ஆட்டினால் கண்ணாடி வந்துவிடும். அத்துடன் இந்த வகை மீனுக்கு வாலின் அடியில் இரு பக்கமும் பேனாக்கத்தி போல மடங்கி விரியும் கூரிய முள் உண்டு. சர்ஜன் மீன் என்று பெயர் வந்ததே அதனால்தான். தொட்டிக்குள் கை விடும்போது நீங்களும் கவனமாக இருங்கள்.

ஆகவே இன்னொரு பவுடர் புளூ வேண்டவே வேண்டாம். அதே உடலமைப்புள்ள பவுடர் பிரவுண், கோடு போட்ட சர்ஜன் மீன்களும் வேண்டாம். 'கொஞ்ச நாளில் பழகிவிடும்' என்று கடையில் சொல்வார்கள். செத்தால் இன்னொன்று விற்கலாம், அவர்களுக்கென்ன? உண்மையில் ஒரு பவுடர் புளூவுக்கே ஆறடித் தொட்டி வேண்டும் என்பார்கள் அனுபவமுள்ளவர்கள்.

மகளுக்குச் சோடி மீன்தான் ஆசையென்றால் கோமாளி மீன் வாங்கிக் கொடுங்கள். ஒரே இனத்தில், ஒன்று சற்றுப் பெரிதும் மற்றது சிறிதுமாக இரண்டு குஞ்சுகள் போதும். இவை எல்லாம் முதலில் ஆண்தான். பெரியது பெண்ணாக மாறும், சிறியது அதற்குத் துணையாகும். சிறியது உடம்பை நடுக்கிப் பணிந்து காட்டினால் பயப்பட வேண்டாம், அது சமாதானம். மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்து விடாதீர்கள், அதை இரண்டும் சேர்ந்து துரத்தும்.

எந்த மீனானாலும் புதிதாக விடும்போது பழையதின் குணத்தை நினைவில் வையுங்கள். புதுத் தொட்டி தொடங்குவோர் சாதுவான மீன்களை முதலில் விட்டு, சண்டைக்காரனைக் கடைசியில் விட வேண்டும். முந்தி வந்தது தொட்டி முழுவதையும் தன்னுடையது என்று பிடித்துக் கொள்ளும். இந்தச் சகோதரி வீட்டில் சண்டைக்காரன் ஏற்கெனவே குடியிருக்கிறான். அதனால் கோமாளிக் குஞ்சுகளைத் துளையிட்ட தெளிவான பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டு, தொட்டிக்குள்ளேயே ஒரு கிழமை வைத்திருங்கள். பார்க்கலாம், கடிக்க முடியாது. பெட்டியை முட்டுவதைப் பழையது நிறுத்திய பிறகு, பாறைகளை இடம் மாற்றி அடுக்கி, விளக்கை அணைத்துவிட்டுத் திறந்து விடுங்கள். பாறை மாறினால் பழையதற்கும் அது புது வீடு. காய்ந்த கடற்பாசித் தாளை ஒரே இடத்தில் தொங்கவிடாமல் இரண்டு மூலைகளில் மாட்டுங்கள்.

முதல் நாட்களில் சிறு துரத்தல் இருக்கும், அது சாதாரணம். ஆனால் ஒன்று மேல் மூலையில் ஒதுங்கி நின்றால், இரைக்கு வராவிட்டால், செவுள் வேகமாக அடித்தால், துடுப்புக் கிழிந்தால், உடனே பிரியுங்கள். இங்கே பலரும் அடிபட்டதை வெளியே எடுக்கிறார்கள். அடித்ததை எடுத்துப் பெட்டியில் போடுங்கள். நாலைந்து நாள் கழித்துத் திரும்பி வரும்போது அதுவே புதிய ஆளாகிவிடும். பயந்து வாழும் மீனுக்கு வெண்புள்ளி நோயும் எளிதில் தொற்றும். உடம்பில் உப்புத் தூவியது போலப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று தினமும் பாருங்கள்.

இன்னொரு சிறு வழியும் உண்டு. புதியதை விட்ட அன்று தொட்டியின் வெளிப்புறத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வையுங்கள். பழையது தன் உருவத்தையே எதிரியென்று எண்ணி அதனுடன் மோதிக்கொண்டிருக்கும். அதற்கிடையில் புதியது ஒளிவதற்கு ஒரு பொந்தைத் தேடிக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் கண்ணாடியை எடுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாக இருக்கும், மீனுக்கு அப்படியல்ல.