ஸ்ட்ரைக் எல்லாம் சரிங்க, அந்த மூலைக் கட்டையை யார் அடிப்பது?

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் 'அருமை சார்' என்று போட்டுவிட்டுப் போகாமல் சாயந்திரம் வந்து படியுங்கள். அவசரம் ஒன்றுமில்லை.

டென்பின் பௌலிங் பற்றித்தான். கோயமுத்தூரில் இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் அக்கறையாக ஆட வரும் பிள்ளைகளை நாம் எல்லோரும் சேர்ந்து கெடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆட்டக்கூடம் நடத்துகிறவர், சொல்லித்தருகிறவர், அப்பா அம்மா என்று மூன்று தரப்புக்கும் இதில் பங்குண்டு. பத்தும் ஒரே உருட்டில் விழுந்தால் திரையில் கார்ட்டூன் குதிக்கிறது, கைதட்டல், செல்போனில் வீடியோ, அடுத்த நிமிடம் ஸ்டேட்டஸ். ஒன்பது விழுந்து ஒன்று மூலையில் நின்றால் செல்போன் பாக்கெட்டுக்குள் போய்விடுகிறது. அந்த இரண்டாவது பந்தை யாரும் பார்ப்பதே இல்லை. பிள்ளையும் அதை ஏனோதானோ என்று உருட்டிவிட்டு வந்து உட்காருகிறது. ஆட்டம் தோற்பது அங்கேதான்.

(ஆட்டக்காரர்கள் 'பின்' என்பார்கள். தமிழில் அப்படி எழுதினால் 'பிறகு' என்று பொருள் வந்து குழப்பும். அதனால் நான் கட்டை என்றே எழுதுகிறேன். உள்ளே இருப்பது மேப்பிள் மரம்தானே, தப்பில்லை.)

என் பழைய மாணவர் ஒருவரின் மகள், பிளஸ் ஒன் படிக்கிறாள். நன்றாக ஆடுகிற பெண். ஒரு தேர்வுப் போட்டிக்குப் போய், ஆறு ஆட்டத்தின் கூட்டுத்தொகையில் 14 புள்ளியில் இடம் போய்விட்டது. அப்பா வாட்ஸ்அப்பில் ஸ்கோர் தாளை அனுப்பி, "ஸ்ட்ரைக் விழவே இல்லைங்க சார், அதான்" என்றார். நான் கணக்கு வாத்தியார். ஒருவர் காரணம் சொன்னால் சரிபார்க்காமல் விடமாட்டேன். அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு எண்ணினேன். ஆறு ஆட்டத்திலும் சேர்த்து மூலைக் கட்டை தனியாக நின்றது 11 முறை. அவள் அடித்தது 3. விட்டது 8. விட்ட ஒவ்வொன்றிலும் போனது அந்த ஒரு கட்டை மட்டுமல்ல. ஸ்பேர் எடுத்திருந்தால் அடுத்த பந்தில் விழுவதும் போனஸாகச் சேரும். அவளுக்கு அடுத்த பந்தில் பெரும்பாலும் 8, 9 விழுந்திருக்கிறது. எட்டில் இரண்டை அடித்திருந்தால் பெண் உள்ளே.

இதற்கு அவளுக்குக் கிடைத்த ஆலோசனை என்ன தெரியுமா? "இன்னும் நன்றாக வளைகிற பந்து வாங்கிக் கொடுங்கள்." பல ஆயிரம் ரூபாய். எனக்கு வந்த கோபத்தில்தான் இந்தப் பதிவு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பையன் பத்து ஃபிரேமிலும் முதல் பந்தில் 9 அடிக்கிறான், மிச்சம் ஒன்றை விட்டுவிடுகிறான். மொத்தம் 90. இன்னொரு பையன் அதேபோல 9 அடித்து, அந்த ஒன்றையும் ஒவ்வொரு முறையும் அடித்துவிடுகிறான், கடைசி போனஸ் பந்திலும் 9. ஃபிரேமுக்கு 19, மொத்தம் 190. ஒரு ஸ்ட்ரைக் கூட இல்லை. மூன்றாமவன் ரீல்ஸ் நாயகன். விட்டுவிட்டு நாலு ஸ்ட்ரைக் போட்டான், மற்ற ஆறு ஃபிரேமிலும் 9-ஓடு நின்றான். ஸ்ட்ரைக்குக்கு 19 வீதம் 76, மற்றதுக்கு 54, ஆக 130. நாலு முறை கைதட்டல் வாங்கியவன், ஒருமுறை கூட வாங்காதவனிடம் 60 புள்ளியில் தோற்கிறான்.

"ஸ்ட்ரைக் இல்லாமல் 200 தாண்ட முடியுமா சார்?" என்று ஒரு இளைஞர் கேட்டார். முடியாது தம்பி. ஸ்பேர் மட்டும் போட்டு 9, 9 என்று போனால் 190-தான் உச்சம். பெரிய போட்டிகளுக்கு அது போதாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 120-லும் 130-லும் நிற்கிறவர் 200 பற்றிக் கவலைப்படுவது, ஏழாம் வாய்ப்பாடு தெரியாத பையன் கால்குலஸ் டியூஷன் கேட்பது மாதிரி. 190-ஐ ஒருமுறை தொட்டுவிட்டு வாருங்கள், பேசலாம்.

மூலைக் கட்டை நிற்பது மோசமான பந்துக்குத் தண்டனை என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அதுவும் தப்பு. வலக்கைக்காரர் சரியான இடத்தில், முதல் கட்டைக்கும் மூன்றாவதுக்கும் நடுவே, அழகாகப் போட்ட பந்திலும் 10-ஆம் கட்டை நிற்கும். அதை வீழ்த்த வேண்டிய 6-ஆம் கட்டை மயிரிழையில் கழுத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடும். எவ்வளவு நன்றாக ஆடினாலும் அது உங்களைத் தேடி வரும். வருகிற விருந்தாளிக்கு இலை போடத் தெரியவேண்டாமா?

நம் ஊர் நூற்பாலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ரிங் ஃபிரேமில் இழை அறுந்துகொண்டேதான் இருக்கும், அறாத மிஷின் கிடையாது. அறுந்ததை ஓடி ஓடி ஒட்டுகிற கைதான் அன்றைய உற்பத்தியைக் காப்பாற்றும். ஸ்பேர் என்பது அந்த ஒட்டுகிற வேலை.

சரி, ஏன் அந்த மூலை மட்டும் கஷ்டம்? அளவைப் பாருங்கள். லேனின் அகலம் சுமார் 41.5 அங்குலம். கடைசி வரிசையில் நாலு கட்டை, ஒன்றுக்கொன்று 12 அங்குலம், ஆக 36. மீதி 5.5-ஐ இரண்டு பக்கமும் பிரித்தால் மூலைக் கட்டையின் மையம் கால்வாய் ஓரத்திலிருந்து 2.75 அங்குலத்தில் நிற்கிறது. பந்தின் விட்டம் 8.5, கட்டையின் பருத்த இடம் 4.75-க்குக் கொஞ்சம் மேல். நடுவில் தனியாக நிற்கும் கட்டையைத் தொட, பந்தின் மையத்துக்குச் சுமார் 13 அங்குலம் இடம் இருக்கிறது. மூலையில் நின்றால் ஒரு பக்கம் கால்வாய் வெட்டிவிடுவதால் சுமார் 9 அங்குலம்தான். குறைவுதான். ஆனால் 9 அங்குலம் என்பது பந்தின் அகலத்தைவிடப் பெரிய சன்னல்! இதை எந்தப் பிள்ளைக்கும் யாரும் சொல்வதில்லை. 'ஓரம், ஓரம்' என்று பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. அந்தச் சன்னலின் நடு, கட்டையின் நடு அல்ல. கால்வாய் ஓரத்திலிருந்து நாலரை அங்குலம் உள்ளே தள்ளி இருக்கிறது. கட்டையையே குறிவைத்தால் கால்வாய்க்கு மிக அருகில் போகிறீர்கள். கொஞ்சம் உள்பக்கம் குறிவைத்தால் இரண்டு பக்கமும் சமமாகத் தப்புச் செய்ய இடம் கிடைக்கும்.

இப்போது பத்தாம் வகுப்புத் தேல்ஸ் தேற்றத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். (என்னிடம் படித்தவர்கள் 'மறந்துபோச்சு' என்று சொல்லக்கூடாது.) லேன் 39 பலகைக் கணக்கு, பலகை ஒன்று ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். ஃபவுல் கோட்டிலிருந்து அம்புக்குறிகள் ஏறக்குறைய 15 அடி, அங்கிருந்து கட்டைகள் 45 அடி. ஒன்றுக்கு மூன்று. வலக்கைக்காரர் 10-ஆம் கட்டைக்கு இடப்பக்கம் நகர்ந்து நின்று, வலமிருந்து 25-ஆம் பலகையில் பந்தை விட்டு, 20-ஆம் பலகையில் இருக்கும் நடு அம்புக்குறியின் மேல் நேராக உருட்டுகிறார் என்று வையுங்கள். 15 அடியில் 5 பலகை வலப்பக்கம் போனால், மீதி 45 அடியில் 15 பலகை போகும். இருபதில் பதினைந்து போனால் ஐந்து. சன்னலின் நடுவுக்கு வந்துவிட்டது. கழித்தல் தெரிந்தால் போதும். 7-ஆம் கட்டைக்கு வழி இன்னும் சுலபம். ஸ்ட்ரைக்குக்கு நிற்கும் இடத்திலிருந்து வலப்பக்கம் நகர்ந்து, அதே அம்புக்குறி மேல் உருட்டவேண்டும். 2-ஆம் கட்டைக்கு 3 பலகை, 4-க்கு 6, 7-க்கு 9 என்று ஆட்டக்காரர்கள் வாய்ப்பாடாகவே வைத்திருக்கிறார்கள். இடக்கைக்காரர்கள் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிக்கொள்ளுங்கள்.

ஆனால் 'நேராக' என்றேனே, அதில்தான் அந்த விலையுயர்ந்த பந்து கெடுக்கிறது. லேனின் முன்பகுதியில் எண்ணெய் பூசியிருக்கும். நடுவில் அதிகம், ஓரங்களில் குறைவு, கடைசிப் பகுதியில் கிடையாது. ரீஆக்டிவ் பந்து காய்ந்த இடத்தைத் தொட்டதும் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் திரும்பும். ஸ்ட்ரைக்குக்கு அது வரம். 10-ஆம் கட்டைக்கு அது எமன், கட்டையை விட்டு விலகி ஓடும். அதனால்தான் பெரிய ஆட்டக்காரர்கள் ஸ்பேருக்கென்று தனியாக ஒரு பாலியஸ்டர் பந்து வைத்திருக்கிறார்கள். அது எண்ணெயோ காய்ச்சலோ பார்க்காமல் நேரே போகும். வேடிக்கை என்னவென்றால், மால் ரேக்கில் கேட்பாரில்லாமல் கிடக்கும் பந்துகளில் பெரும்பாலானவை அந்த ஜாதிதான். விரலுக்குப் பொருந்துகிற ஒன்றைத் தேடி எடுத்து, மணிக்கட்டைத் திருப்பாமல், சூட்கேஸ் தூக்குகிற மாதிரி பிடித்து விட்டால் போதும். அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்ட பந்து அவள் காலடியிலேயே கிடந்தது.

அமெரிக்காவில் வால்டர் ரே வில்லியம்ஸ் என்றொருவர். தொழில்முறைப் போட்டிகளில் 47 பட்டங்கள். குதிரை லாடம் எறியும் போட்டியிலும் ஆறு முறை உலக சாம்பியன். பார்க்க அலங்காரமே இல்லாத ஆட்டம், ஆனால் குறி தப்பாது. அவர் வீடியோவை எந்தப் பையனும் எனக்கு அனுப்பியதில்லை.

'இதெல்லாம் மால் பொழுதுபோக்கு, இதற்கு எதற்கு இவ்வளவு' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1978 பாங்காக் ஆசிய விளையாட்டில் இது பதக்க ஆட்டம். 1998-ல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியிலும் இருந்தது. சென்னையிலிருந்து ஷபீர் தன்கோட் பலமுறை தேசிய சாம்பியன் ஆகியிருக்கிறார். கார் பந்தயம் பணக்காரன் விளையாட்டு என்று ஒதுக்காமல் செட்டிபாளையத்தில் ஓடுதளம் போட்ட ஊர் இது. நாராயண் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் போனது இங்கிருந்துதான். பத்துக் கட்டைக்கு மட்டும் ஏனுங்க இளக்காரம்?

ஆட்டக்கூடம் நடத்துகிறவர்களே, உங்கள் பிழைப்பு எனக்குப் புரிகிறது. சனி ஞாயிறு கூட்டம், பிறந்தநாள் பார்ட்டி, டிஸ்கோ விளக்கு எல்லாம் வேண்டும்தான். ஆனால் வாரநாள் காலையில் லேன்கள் காலியாகக் கிடக்கும்போது, ஆட்டக் கணக்கில் இல்லாமல் மணிக் கணக்கில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் என்ன நஷ்டம்?

பயிற்சியாளர்களே, 'மூலைக் கட்டையை மட்டும் நிறுத்தித் தர மிஷினில் வசதி இல்லை' என்ற சாக்கு வேண்டாம். பத்தும் நிற்கட்டும். முதல் பந்தில் 7-ஐ மட்டும், இரண்டாவதில் 10-ஐ மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். குறைவாக வீழ்த்துகிறவர் வெற்றி, கால்வாயில் போட்டால் பத்து அபராதம். பிள்ளைகள் இதைச் சண்டைபோட்டுக்கொண்டு ஆடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன். பயிற்சி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்க மனமில்லை என்றால், வாங்குகிற கட்டணத்திலும் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இனிமேல் எனக்கு ஸ்கோர் தாள் அனுப்பினால், ஸ்ட்ரைக் எத்தனை என்று எழுதி அனுப்பாதீர்கள். 9-க்குப் பக்கத்தில் எத்தனை இடத்தில் சாய்கோடு, எத்தனை இடத்தில் படுத்த கோடு என்று எண்ணி, அதை முதல் வரியில் எழுதி அனுப்புங்கள். அந்தப் பெண் நேற்று அனுப்பினாள். ஏழுக்கு நாலு.