காற்புள்ளி விழும் இடம்

12300000 என்ற எண்ணைத் திரையில் கண்டதும் சுழிகளை விரல் வைத்து எண்ணாதவர் நம்மில் குறைவு. உரைக்கோப்புகளைக் கட்டளைவரியில் கையாளும் கருவிகள் எண்ணை இப்படி வெறுமையாகவே தருகின்றன. எண்ணை வடிவமைக்கும் தெரிவுகளை அவற்றில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதே. எந்த இடத்தில், எவருடைய வழக்கப்படி சேர்ப்பது என்பதில்தான் நமக்குச் சொல்ல இருக்கிறது.

1977இல் பெல் ஆய்வகத்தில் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிஹன் மூவரும் உருவாக்கிய 'ஆக்' கருவியைப் பார்ப்போம். பின்னமுள்ள எண்ணை, வடிவம் எதுவும் சொல்லாமல் அச்சிடக் கேட்டால் ஆறு இலக்கங்களோடு அது நிறுத்திக்கொள்ளும். 1234567.50 ரூபாய் என்ற கூட்டுத்தொகை, 1.23457 என்றும் பின்னால் பத்தின் ஆறாம் அடுக்கைக் குறிக்கும் வாலோடும் வந்து நிற்கிறது. இரண்டரை ரூபாய் எங்கிருந்தோ முளைத்துவிட்டது! இரண்டு தசம இடம் வேண்டும் என்று 'பிரிண்ட்எஃப்' வழியே நாமே கேட்டால்தான் கணக்குத் தப்பும்.

குனு கருவித்தொகுப்பில் 2013இல் சேர்ந்த 'நம்ஃபெம்ட்' வேலையைத் தனியே பிரித்தெடுத்துக்கொண்டது. எண்ணைக் கணக்கிடுவது ஒரு கருவி, உடுத்துவது வேறொன்று, நல்ல ஏற்பாடு. ஆனால் 1010000ஐச் சுருக்கித் தரச் சொன்னால் இது 1.1 மில்லியன் என்கிறது. மேல்நோக்கி முழுமையாக்குவதே அதன் இயல்பு. அந்தச் சுருக்கத்தை மீண்டும் விரித்தால் 1100000. இடையில் கூடிய தொண்ணூறாயிரத்துக்கு யார் பொறுப்பு? ஆயிரம், மில்லியன், பில்லியன் என்று அடுக்கும் இக்கருவிக்கு லட்சமும் கோடியும் தெரியாது என்பது வேறு கதை.

காற்புள்ளிக்கு வருவோம். கணினியின் வட்டார அமைப்பில் 'முதலில் மூன்று, பிறகு இரண்டிரண்டு' என்று விதி எழுத இடமுண்டு. அதன்படி 12,34,567 கிடைக்கும். மூன்று மூன்றாகவே வெட்டுவதை நிரலுக்குள் பதித்துவிடும் கருவியை நாம் ஏற்பதற்கில்லை. அதே வேளையில், காற்புள்ளியிட்ட இந்த எண்ணை ஆக் மீண்டும் படித்தால் முதற்புள்ளியிலேயே நின்று, பன்னிரண்டு என்று எடுத்துக்கொள்ளும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஆகவே குழாய்வழியே கருவிக்குக் கருவி பாயும்வரை எண் வெறும் எண்ணாகவே இருக்கட்டும். மனிதக் கண்ணுக்கு வரும் கடைசிப் படியில் மட்டும், கேட்டால் மட்டும், உடை போடலாம்.

நம் வாசகர்கள் தமிழ் எண்களைக் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் ஒவ்வோர் இலக்கத்தையும் அதற்கிணையான தமிழ் இலக்கமாக மாற்றினால் 1330, ௧௩௩௦ ஆகும். பழைய பதிப்புகளின் முறையிலோ அது ௲௩௱௩௰. அங்கே சுழிக்கு வேலையே இல்லை. தமிழ்ச் சுழியம் யூனிகோடில் சேர்ந்ததே 2005இல்தான். பழம்பதிப்பு ஒன்றை மின்பிரதியாக்குபவருக்கு முதலாவது பயன்படாது, இன்றைய கணக்கு எழுதுபவருக்கு இரண்டாவது பயன்படாது. 'தமிழ் எண்' என்று ஒரே தெரிவை வைத்து இரண்டையும் அதற்குள் அடைப்பதைவிட, இரண்டு தெரிவுகளை இரண்டு பெயரில் வைக்கச் சொல்லிக் கேட்போம்.