ஓடுகிறவருக்குப் பாரம் எதற்கு?

பாரம் தூக்கினால் உடம்பு இறுகிவிடும், கால் கனத்துவிடும், ஓட்டம் போய்விடும். எமது பாடசாலை மைதானங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் வாக்கியம் இது. இதனைச் சொல்பவர்களிற் பெரும்பாலானோர் நல்ல பயிற்றுநர்கள். பிள்ளைகளுக்காகத் தமது மாலைப் பொழுதுகளையும், பல வேளைகளில் சொந்தப் பணத்தையும் செலவிடுபவர்கள். அவர்களைக் குறை கூறுவது எனது நோக்கமன்று. எனினும், அந்த வாக்கியம் பிழையானது என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். மாகாண மட்டத்தில் முதலிடம் பெற்றுக் கொழும்புக்குச் செல்லும் எமது பிள்ளைகள், சுகததாச விளையாட்டரங்கில் முதல் முப்பது மீற்றரிலேயே பின்தங்கிவிடுவதையும், தகுதிகாண் ஓட்டத்தின் பாதியிற் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு ஓடுபாதையில் அமர்ந்துவிடுவதையும் பல ஆண்டுகளாகப் பார்த்து எழுதி வந்திருக்கிறேன். "திறமை போதவில்லை" என்று அதற்குக் காரணம் சொல்லப்படுவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

வேகமாக ஓடுவதென்றால் கால்களை வேகமாக மாற்றி மாற்றி வைப்பது என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். "காலைத் தூக்கு, காலைத் தூக்கு" என்று மைதான ஓரத்திலிருந்து எழும் கூச்சலின் பொருள் அதுதான். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பீற்றர் வெயாண்ட் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 33 பேரை, கால் பதிக்கும் விசையை அளக்கும் கருவி பொருத்திய ஓடுபட்டியில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். மெதுவாக ஓடுபவர், மிக வேகமாக ஓடுபவர் ஆகிய இருவருமே தத்தமது உச்ச வேகத்தில் காலை முன்னே வீசிக் கொண்டுவர எடுக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வேறுபாடு, கால் தரையில் இருக்கும் அந்தச் சிறு கணத்தில்தான். வேகமானவர் தமது எடையோடு ஒப்பிடுகையிற் கூடுதலான விசையுடன் தரையை உதைக்கிறார். ஒரு தேர்ந்த குறுந்தூர ஓட்டக்காரர் உச்ச வேகத்தில் ஓடும்போது அவரது பாதம் தரையைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு செக்கனிற் பத்திலொரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. அந்த இமைப்பொழுதில் ஒற்றைக் கால் தாங்கும் விசையின் உச்சம் உடலெடையின் நான்கு மடங்கைத் தாண்டுகிறது. அறுபது கிலோ இளைஞன் ஒருவன் ஒவ்வோர் அடியிலும் 240 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்துக்கு ஈடான விசையை ஒற்றைக் காலில் ஏந்துகிறான் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். 2009இல் பேர்லினில் 9.58 செக்கனில் 100 மீற்றரை முடித்த உசைன் போல்ற் எடுத்தவை 41 அடிகள் மாத்திரமே.

ஆக, ஓடுகிறவர் பாரம் தூக்கலாமா என்ற கேள்வியே அர்த்தமற்றது. அவர் ஏற்கனவே தூக்கிக்கொண்டுதான் இருக்கிறார். அதற்கு அவரை நாம் தயார்ப்படுத்துகிறோமா, இல்லையா என்பதே கேள்வி.

போல்ற் பிறவியிலேயே முள்ளந்தண்டு வளைந்தவர். முதுகையும் இடுப்பையும் சுற்றிய தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சி இல்லாமற் போயிருந்தால் தம்மால் நிலைத்திருக்க முடியாது என்பதை அவரே வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். அலிசன் ஃபெலிக்ஸ் இன்னும் நல்ல உதாரணம். பாடசாலைக் காலத்தில் அவரது மெலிந்த கால்களைப் பார்த்துச் சக மாணவர்கள் "கோழிக்கால்" என்று கேலி செய்தார்கள். அந்தக் கோழிக்காலோடு, நிலத்திற் கிடக்கும் பாரத்தை இடுப்பு உயரத்துக்குத் தூக்கும் 'டெட்லிஃப்ட்' பயிற்சியில் தமது உடலெடையின் இரு மடங்கைத் தூக்கியவர் அவர். 18 வயதில், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 200 மீற்றரில் வெள்ளி; 2012 லண்டனில் அதே தூரத்திற் தங்கம். கால் பருக்கவுமில்லை, ஓட்டம் போகவுமில்லை.

இது எப்படிச் சாத்தியம்? தசை பெருப்பதும் பலம் பெறுவதும் ஒன்றல்ல. உடற்கட்டழகுக்காகப் பயிற்சி செய்பவர் நடுத்தர பாரத்தைப் பத்து, பன்னிரண்டு தடவை, குறுகிய ஓய்வுகளோடு, தசை எரியும் வரை தூக்குகிறார், நிறையச் சாப்பிடுகிறார். ஓட்டக்காரர் கனமான பாரத்தை மூன்று முதல் ஐந்து தடவை மாத்திரம் தூக்கிவிட்டு மூன்று, நான்கு நிமிடம் நன்றாக ஓய்வெடுக்கிறார். களைப்பதற்கு முன்னரே நிறுத்திவிடுகிறார். இங்கே முதலிற் பழகுவது தசையல்ல, நரம்பு. இருக்கின்ற தசைநார்களில் உறங்கிக் கிடப்பவற்றையும், குறிப்பாக வேகமாகச் சுருங்குகின்ற நார்களையும், ஒரே வேளையில் எழுப்பிவிட நரம்பு மண்டலம் கற்றுக்கொள்கிறது. பயிற்சி தொடங்கிய முதற் சில வாரங்களிற் பலம் கூடியும் தொடையின் சுற்றளவு மாறாதிருப்பதற்குக் காரணம் இதுவே.

பழைய பயிற்றுநர்களின் அச்சத்தில் ஒரு பாதி உண்மை இருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். முழுப் பலத்தையும் வெளிக்கொணர ஒரு தசைக்கு மூன்றிலொரு செக்கன் அளவு தேவைப்படுகிறது. தரையில் கால் நிற்கும் நேரமோ அதில் மூன்றிலொன்று. எனவே மெதுவாகக் கனம் தூக்குவதை மட்டும் பழகியவர் பலசாலியாவார். வேகமானவராவார் என்று சொல்ல முடியாது. பாரத்தோடு, பெட்டியின் மீது பாய்தல், ஒற்றைக்காற் துள்ளல் போன்ற வெடிப்புப் பயிற்சிகளும், யாவற்றுக்கும் மேலாக முழு வேக ஓட்டமும் சேர்ந்தால்தான் அந்தப் பலம் ஓடுபாதைக்கு வந்து சேரும். ஓட்டமே தலைவன், இரும்பு அதன் ஏவலாள்.

இந்த அச்சத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. 1988 சோல் ஒலிம்பிக்கில் 9.79 செக்கனில் ஓடிய பென் ஜோன்சனின் தோற்றம் எனது தலைமுறையினருக்கு மறக்காது. மலைபோன்ற தோள்கள், மஞ்சள் நிறமேறிய கண்கள். மூன்றே நாட்களிற் பதக்கம் பறிக்கப்பட்டது. அன்றிலிருந்து பாரம் தூக்கும் ஓட்டக்காரர் என்றாலே ஊசி போட்டவர் என்ற எண்ணம் எம்மவர் மனதிற் பதிந்துபோயிற்று. பாரமும் மருந்தும் வேறு வேறு என்பதை எடுத்துச் சொல்லப் பத்திரிகைகளும் அன்று முயலவில்லை.

நடுத்தூர, நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு இது பொருந்தாது என்று சிலர் வாதிடுவர். 1981இல் 800 மீற்றரை ஒரு நிமிடம் 41.73 செக்கனில் ஓடி, 16 ஆண்டுகள் உலக சாதனையைத் தம்வசம் வைத்திருந்த செபஸ்தியன் கோ மெலிந்த தேகத்தினர். லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் காண்டியிடம் பாரப் பயிற்சியும் சுற்றுப் பயிற்சியும் பெற்றே அவர் உருவானார். அதற்கும் முன்னர், 1960 ரோம் ஒலிம்பிக்கில் 1500 மீற்றரை உலக சாதனையோடு வென்ற ஹேர்ப் எலியட்டை, அவுஸ்திரேலியாவின் போட்சீ கடற்கரையில் மணல் மேடுகளில் ஓடவிட்டும் பாரம் தூக்கவைத்தும் உருவாக்கினார் பேர்சி செருட்டி. (மணல் மேடு என்றதும் எனக்கு வடமராட்சி மணற்காடு நினைவுக்கு வருகிறது. எத்தனை பயிற்றுநர்கள் அங்கே பிள்ளைகளைக் கூட்டிச் சென்றிருப்பார்கள்?) 1999இல் பின்லாந்து ஆய்வாளர்கள் தேர்ந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களின் மொத்தப் பயிற்சி நேரத்தைக் கூட்டாமல், அதில் மூன்றிலொரு பங்களவை ஒன்பது வாரங்களுக்குத் துள்ளல், குறுந்தூர வேக ஓட்டம், இலகு பாரத்தை விரைந்து தூக்குதல் ஆகியவற்றுக்கு மாற்றினார்கள். அவர்களின் உடல் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஒட்சிசன் அளவில் முன்னேற்றமில்லை. ஆனால் 5 கிலோமீற்றர் ஓட்ட நேரம் ஏறத்தாழ 3 வீதம் குறைந்தது. பதினேழு நிமிடத்தில் ஓடுபவருக்கு அது அரை நிமிடம்.

இது இவ்வாறிருக்க, இப்போது எமது நகரங்களில் வேறொரு திசையிலிருந்து ஆபத்து வந்திருக்கிறது. கண்ணாடிச் சுவர்களும் உரத்த இசையுமாக உடற்பயிற்சி நிலையங்கள் பெருகிவிட்டன. அண்மையில் ஒரு தந்தை தொலைபேசியில் அழைத்தார். பதினாறு வயது மகன், 200 மீற்றர் ஓடுபவன். ஜிம்மில் சேர்த்துவிட்டிருக்கிறார். ஆறு மாதத்தில் நெஞ்சும் புயமும் நன்றாக வந்திருக்கின்றன, நேரம் மட்டும் குறையவில்லை, அங்குள்ளவர் ஒரு மாவு வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டார். அந்தப் பையனின் பயிற்சி அட்டவணையை வாசித்துக் காட்டச் சொன்னேன். கிழமையில் நான்கு நாள் நெஞ்சு, புயம், தோள். கால்களுக்கு ஒரு நாள், அதுவும் கதிரையில் அமர்ந்து செய்யும் இயந்திரத்தில். ஓட்டத்துக்கு உதவாத எடையைச் சுமந்துகொண்டு ஓடினால் நேரம் எப்படிக் குறையும்?

மாவு விடயத்தில் எனது பதில் கடுமையாகவே இருந்தது. லேபிளில் எழுதப்படாத பொருட்கள் இத்தகைய மாவுகளிற் கலந்திருப்பது உலகெங்கும் கண்டறியப்பட்ட ஒன்று. ஊக்கமருந்துச் சட்டத்தில் "தெரியாமற் குடித்தேன்" என்பது குற்றத்தைத் துடைக்காது. உடலில் என்ன இருக்கிறதோ அதற்கு வீரரே பொறுப்பு. இலங்கையிலும் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னர் இது விளையாட்டல்ல. 2000 சிட்னியில் எங்கள் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரில் 22.28 செக்கனில் மூன்றாவதாக வந்தார். இரண்டாமிடத்துக்கும் அவருக்கும் இடையில் செக்கனில் நூறிலொரு பங்கே இருந்தது. முதலிடம் பெற்ற மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து பாவித்ததை 2007இல் ஒப்புக்கொண்ட பின்னரே சுசந்திகாவுக்குரிய வெள்ளி கிடைத்தது. மருந்தினால் ஏமாற்றப்பட்ட நாடு நாம். அந்தப் பக்கம் எமது பிள்ளைகள் தலை வைத்தும் படுக்கக்கூடாது.

என்னதான் வழி? இயந்திரங்கள் வேண்டியதில்லை. ஒரு பாரத்தண்டு, சில வட்டுகள், அதனைத் தாங்க இரண்டு கால்கள் கொண்ட இரும்புச் சட்டம், பாய்வதற்கு இரண்டு மரப்பெட்டி. சட்டத்தையும் பெட்டியையும் உள்ளூர் வெல்டிங் கடையிலும் தச்சுப் பட்டறையிலும் செய்துவிடலாம். பழைய மாணவர் சங்கங்கள் ஒரு விருந்துபசாரத்துக்குச் செலவிடும் பணம் இதற்குப் போதும். வடக்கின் பாடசாலை மாணவிகள் பளுதூக்கலிற் தேசிய மட்டப் பதக்கங்களைப் பெற்றிருக்கிறார்கள். அவர்களைப் பயிற்றுவித்தவர்களிடம் இந்த அறிவு இருக்கிறது. ஒரே பாடசாலையில் பளுதூக்கும் அணி ஒரு மூலையிலும், ஓட்ட அணி மறு மூலையிலும் நின்று, ஒருவரோடொருவர் பேசாதிருப்பதுதான் எனக்கு விளங்காத விடயம்.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் இன்னும் தயங்குகிறார்கள். உயரம் வளராது என்கிறார்கள். முறையான மேற்பார்வையோடு செய்யும் பாரப் பயிற்சி வளர்ச்சியைப் பாதிக்காது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் நிலைப்பாடு. தவிரவும், பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போட்டு வளர்ந்த சமூகம் குந்தி எழும்புவதற்கு அஞ்சுவது சற்று வேடிக்கையானது.

பின்தொடை கிழிவதைக் குறைக்க இரும்பும் தேவையில்லை. முழந்தாளிட்டு நிற்க, கூட்டாளி கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்ள, உடலை நேராக வைத்தபடி மெல்ல மெல்ல முன்னே சாய்ந்து தரைக்கு வருவது. 'நோர்டிக்' பயிற்சி என்பர். கால்பந்தாட்ட வீரர்களிடையே நடத்தப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்தப் பயிற்சியைச் செய்த அணிகளிற் பின்தொடைக் காயங்கள் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்திருந்தன.

யுபுன் அபேகோன் 2022 ஜூலை 3ஆம் திகதி சுவிற்சர்லாந்தில் 9.96 செக்கனில் 100 மீற்றரை ஓடி, பத்து செக்கனுக்குள் ஓடிய முதற் தென்னாசியரானார். அடுத்த மாதம் பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் வெண்கலமும் வென்றார். எமது மண்ணிற் பிறந்தவர்தான். ஆனால் இத்தாலிக்குச் சென்று, இத்தாலியப் பயிற்றுநரிடம் பல ஆண்டுகள் இருந்த பின்னரே அந்த நேரம் வந்தது. பாரக் கூடமும் ஓடுபாதையும் ஒரே வார அட்டவணையில் இடம்பெறுவது அங்கெல்லாம் யாரும் விவாதிக்காத சாதாரண விடயம்.

இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது இதனைத் தொடங்குவதிற் பயனில்லை. நோவுதான் மிஞ்சும். போட்டிப் பருவம் முடிந்த கையோடு, கிழமையில் இரண்டு நாள், ஓட்டப் பயிற்சியின் பின்னர் முக்கால் மணி நேரம் ஒதுக்கினாற் போதும். முதல் மாதம் பாரமே வேண்டாம். தும்புத்தடியைத் தோளில் வைத்து, முதுகு வளையாமற் குந்தி எழும்பப் பழக்குங்கள்.