சாயத்தண்ணியும் நம் இரத்தமும்

தெமோதரையில் தேநீர் இல்லாமல் காலை விடிவதில்லை. ரொட்டியும் சாயத்தண்ணியுமே பல வீடுகளில் காலை உணவு. ஆனால், உணவோடு அருந்தும் தேநீரிலுள்ள தனின், கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது. மாதந்தோறும் இரத்தம் இழக்கும் பருவத்துப் பெண்பிள்ளைகளுக்கு இது சிறிய விடயமன்று. இரத்தச்சோகை வந்தால் வகுப்பறையில் சோர்வும் தலைச்சுற்றும்தான் மிஞ்சும்.

தேநீரைக் கைவிட வேண்டியதில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிப்போம்.

சத்துணவு நம் அயலிலேயே இருக்கிறது. சிங்கள அயலவரின் கொலகெந்த, தோட்டத்துத் தோழி வீட்டுக் கீரைச் சுண்டல், நம் உம்மம்மா காய்ச்சும் இறைச்சி சேர்த்த நோன்புக் கஞ்சி எல்லாமே நல்லவை. வல்லாரைச் சம்பலில் பிழியும் தேசிக்காயின் விற்றமின் சி, இரும்புச்சத்தை உடலில் சேர்க்கிறது.

பெற்றோரே, மகளுக்கு முதலில் உணவு. தேநீர் பிறகு வரட்டும்.