பயாஸ் அப்டேட்: பயமும் வேண்டாம், அவசரமும் வேண்டாம்



உயர்தரம் படிக்கும் மாணவன் ஒருவன் தனது லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு எம்மிடம் வந்தான். "சேர், லைட் மட்டும் எரியுது, ஸ்கிரீன்ல ஒண்டும் வருதில்ல" என்றான். விசாரித்தால், பயாஸ் அப்டேட் செய்தால் வேகம் கூடும் என்று யாரோ வீடியோவில் சொன்னதை நம்பிச் செய்திருக்கிறான். பாதியில் கரண்ட் போய்விட்டது. பழைய பெட்டரி இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. காட்டிய கடையில் "போர்ட் போயிட்டு, புதுசு வாங்குங்க" என்று சொல்லிவிட்டார்களாம். வெளிநாட்டில் உழைக்கும் வாப்பா அனுப்பிய காசில் வாங்கிய லெப்டொப் அது.

பயாஸ் என்பது கணினியின் போர்டில் உள்ள சிறிய சிப் ஒன்றில் இருக்கும் மென்பொருள். பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் எழுந்து, மற்ற எல்லாவற்றையும் எழுப்புவது அதுதான். அப்டேட் செய்யும்போது பழையது அழிக்கப்பட்டுப் புதியது எழுதப்படுகிறது. அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. போன் ஆப் ஒன்றை அப்டேட் செய்வது போன்ற விடயமல்ல இது.

அப்படியென்றால் தொடவே கூடாதா? அதுவும் தவறு. பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யவே பல பயாஸ் அப்டேட்கள் வருகின்றன. 2011ஆம் ஆண்டின் செக்யூர் பூட் சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகத் தொடங்குகின்றன. அவற்றைப் புதுப்பிக்கச் சில கணினிகளுக்கு பயாஸ் அப்டேட்டும் தேவைப்படும். ஆனால் வேகம் கூடும் என்ற ஆசைக்காக மட்டும் செய்வது வீண் வேலை.

எமது நாட்டின் கரண்ட் நிலைமை யாருக்கும் தெரியாததல்ல. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் இருட்டில் இருந்தோம். அதற்காவது நேர அட்டவணை இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாகச் சொல்லப்பட்ட அன்று, முன்னறிவித்தல் எதுவுமின்றி நாடே நின்றுபோனது. ஆகவே அப்டேட் செய்வதற்கு முன் இவற்றைக் கவனியுங்கள்:

1. முதலில் பிள்ளையின் பாடங்கள், செயற்திட்டங்கள் அனைத்தையும் பென் டிரைவில் பிரதி எடுங்கள்.

2. லெப்டொப்பின் சரியான மாடல் இலக்கத்தைப் பாருங்கள். அந்த மாடலுக்கான கோப்பைத் தயாரித்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் மட்டும் எடுங்கள். வட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம்.

3. பெட்டரி நிறைய சார்ஜ் இருக்க வேண்டும், சார்ஜரும் குத்தியிருக்க வேண்டும். பெட்டரி செத்துப்போன லெப்டொப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். மழை, இடி நேரத்திலும் வேண்டாம்.

4. பிட்லொக்கர் போடப்பட்டிருந்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டையும் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அப்டேட் முடிந்தபின் சொந்தக் கோப்புகளையே திறக்க முடியாமல் போகலாம்.

5. தொடங்கிய பின் ஸ்கிரீன் கறுக்கலாம், ஃபேன் சத்தம் போடலாம், தானாகவே இரண்டு மூன்று தடவை ரீஸ்டார்ட் ஆகலாம். பொறுமையாக இருங்கள். பவர் பட்டனில் கை வைக்காதீர்கள்.

விண்டோஸ் அப்டேட்டோடு சேர்ந்தும் பயாஸ் அப்டேட் வரலாம். எனவே ரீஸ்டார்ட் ஆகும் நேரத்தில் "ஃபர்ம்வேர்" என்ற சொல்லைக் கண்டால், பாடசாலைக்கு நேரமாகிவிட்டது என்று அணைத்துவிட வேண்டாம்.

மீறி நின்றுவிட்டாலும் உடனே நம்பிக்கை இழக்காதீர்கள். பல எச்பி லெப்டொப்களில் விண்டோஸ் பட்டனையும் 'பி' பட்டனையும் சேர்த்து அழுத்திக்கொண்டு பவர் கொடுத்தால் மீட்பு தொடங்கும். பல டெல் லெப்டொப்களில் கன்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் அழுத்தியபடி சார்ஜரைக் குத்த வேண்டும். அதுவும் சரிவராவிட்டால், சிப்பைத் தனியான கருவியில் இணைத்து மீள எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த மாணவனின் லெப்டொப்பும் அப்படித்தான் மீண்டது. புது போர்டுக்குக் கேட்ட காசோடு ஒப்பிட்டால் செலவானது மிகக் கொஞ்சம்.

ஆகவே திருத்தும் கடை வைத்திருக்கும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். "போர்ட் போயிட்டு" என்று சொல்வதற்கு முன் சிப்பைச் சோதித்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் முடிந்தவரிடம் அனுப்புங்கள். அந்த ஒரு வார்த்தையில் ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு இருக்கிறது.

ஆசிரியர்களாகிய எம்மிலும் குறை உண்டு. பயாஸ் என்றால் என்ன என்று பரீட்சைக்குப் படிப்பித்தோம். அதை எப்படிப் பாதுகாப்பது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. இனிச் சொல்லிக்கொடுப்போம். பெற்றோர்களே, பிள்ளை தனியாகச் செய்து பார்க்கும் முன் எம்மிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். பாடசாலை விட்ட பின்னரும் வரலாம், சேர்ந்து செய்வோம்.

அல்லாஹ் எமது பிள்ளைகளின் கல்வியில் பரகத் செய்வானாக.