குடித்தனக்காரர் நிம்மதியாகத் தூங்கும் ஊர்

நம்மில் பாதிப்பேர் வீட்டுக்காரர்கள். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் மாடியில் ஒரு போர்ஷன் எழுப்பி, அந்த வாடகையையும் பென்ஷனையும் வைத்துக் காலம் தள்ளுகிறோம். நானும் அப்படித்தான். ஆகவே இதைப் படித்துவிட்டு நண்பர்கள் சிலர் நாளைக் காலை பூங்காவில் என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் நடக்கலாம். பரவாயில்லை. “குடியிருப்பவனுக்கு உரிமையைக் கொடுத்தால் வீட்டுக்காரன் நடுத்தெருவுக்கு வருவான் சார்” என்று வருடக்கணக்காகக் கேட்டுவிட்டேன். இனித் தலையாட்டுவதாக இல்லை.

உலகத்தில் குடித்தனக்காரர்களுக்கு நல்ல பாதுகாப்பும் கட்டுப்படியாகும் வாடகையும் உள்ள பெரிய நகரம் எது என்று கேட்டால், ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னா என்று சொல்வேன். மகள் குடும்பம் அங்கே இருப்பதால் இரண்டு முறை போய்த் தங்கியிருக்கிறேன். சுமார் இருபது லட்சம் மக்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாடகை வீட்டில்தான் குடியிருக்கிறார்கள். டாக்டரும் வாடகை வீடு, டிராம் ஓட்டுபவரும் வாடகை வீடு. “இன்னுமா சொந்த வீடு வாங்கவில்லை?” என்று யாரும் யாரையும் துக்கம் விசாரிப்பதில்லை.

அங்கே வாடகை ஒப்பந்தம் என்றால் பொதுவாகக் கெடு இல்லாத ஒப்பந்தம். கெடு வைத்து எழுதினாலும் குறைந்தது 3 வருடம். கெடு இல்லாத ஒப்பந்தத்தில் இருப்பவரை வெளியேற்ற வேண்டுமானால் சட்டத்தில் சொல்லியுள்ள காரணம் ஏதாவது வேண்டும், நீதிமன்றம் போக வேண்டும். “மச்சினன் ஊரிலிருந்து வருகிறான், அடுத்த மாசம் காலி பண்ணிக்குங்க” என்பதெல்லாம் நடக்காது. குடியிருந்தவர் இறந்துபோனால், கூடவே வாழ்ந்த மனைவியோ பிள்ளையோ அதே ஒப்பந்தத்தில் தொடரலாம். பழைய கட்டடங்களுக்கு வாடகை உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையிலிருந்து புரோக்கர் கமிஷனை அவரை அமர்த்தியவர்தான் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அது வீட்டுக்காரர்தான்.

இதையெல்லாம் சொன்னதும் நம்மவர்கள் “பணக்கார நாடு, செய்வான்” என்பார்கள். வியன்னா இதைத் தொடங்கிய காலத்தில் அது பணக்கார ஊரே இல்லை. முதல் உலகப் போருக்கு முந்தைய வியன்னாவில் ஏழைகள் குடியிருந்த லட்சணம் நம் ஊர் லைன் வீட்டைவிட மோசம். குழாயும் கழிவறையும் நடைபாதையில் பொதுவாக இருக்கும். ஒரு கட்டிலைச் சில மணி நேரம் வாடகைக்கு எடுத்துத் தூங்கிவிட்டுப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். போரில் தோற்று, சாம்ராஜ்யம் உடைந்து, பணத்துக்கு மதிப்பே இல்லாமல் போன நிலையில்தான் 1919-இல் சமூக ஜனநாயகக் கட்சி நகராட்சியைப் பிடித்தது.

அப்போது வாடகைக் கட்டுப்பாடு ஏற்கெனவே இருந்தது. போர் முனையில் இருந்த சிப்பாய்களின் குடும்பங்களைத் தெருவில் தள்ளக் கூடாதென்று 1917-இல் கொண்டு வந்தது. விலைவாசி ஏறிக்கொண்டே போக, வாடகை மட்டும் நின்ற இடத்தில் நின்றதால் தனியார் யாரும் புது வீடு கட்டவில்லை. நம் வீட்டுக்கார நண்பர்கள் சொல்லும் வாதத்தில் இந்தப் பாதி உண்மை. வாடகையைக் கட்டிப்போட்டுவிட்டு வேறொன்றும் செய்யாமல் இருந்தால் புது வீடு வராது.

வியன்னா வேறொன்றைச் செய்தது. தானே கட்டியது. நிதிப் பொறுப்பில் இருந்த ஹியூகோ பிரைட்னர் 1923-இல் வீடு கட்டுவதற்கென்றே தனி வரி போட்டார். சின்ன வீட்டுக்குச் சில்லறை, மாளிகைக்குக் கொழுத்த தொகை. பங்களாக்களும் பெரிய வணிகக் கட்டடங்களுமாக மேல்தட்டில் இருந்த மிகச் சிலரே அந்த வரியில் பெரும்பங்கைக் கட்டினார்கள். போதாததற்கு வேலைக்காரர் வைத்திருந்தால் வரி, பந்தயக் குதிரை வைத்திருந்தால் வரி. பணக்காரர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். தனியார் கட்டாததால் மனை விலையும் விழுந்து கிடந்தது. நகராட்சி அதை மலிவாக வாங்கிப் போட்டது. 1934-க்குள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்துவிட்டன.

அதில் பெயர் பெற்றது கார்ல் மார்க்ஸ் குடியிருப்பு. 1927-இல் தொடங்கி 1930-இல் முடித்தார்கள். 1,382 வீடுகள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல். என் முழங்கால் வலியோடு நடந்து பார்த்தேன், இரண்டு இடத்தில் உட்கார வேண்டி வந்தது. மொத்த மனையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில்தான் கட்டடம், மீதியெல்லாம் மரமும் புல்வெளியும் பிள்ளைகள் விளையாடும் முற்றமும். கட்டும்போதே சலவைக்கூடம், குளியல் கூடம், பாலர் பள்ளி, நூலகம் எல்லாம் உள்ளேயே வைத்தார்கள். 1934 பிப்ரவரி உள்நாட்டுச் சண்டையில் அரசாங்கமே இதன் மேல் பீரங்கியால் சுட்டது. கட்டடம் நின்றது. இன்றும் அதில் சாதாரண ஜனங்கள்தான் குடியிருக்கிறார்கள். அந்தக் காலத்து நகராட்சிக் குடியிருப்புகளின் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் இருக்கும். வீடு கட்டும் வரிப்பணத்திலிருந்து வியன்னா நகராட்சி இன்ன வருடம் கட்டியது என்று மாப்பிள்ளை படித்துச் சொன்னார். நம் ஊரில் பஸ் நிழற்குடைக்குக்கூட யார் பெயர் எழுதுவோம் என்பது உங்களுக்கே தெரியும்.

இன்றைக்கு அந்த நகராட்சியிடம் சுமார் 2,20,000 வாடகை வீடுகள் இருக்கின்றன. லாபத்துக்கு வரம்பு கட்டிய வீட்டு வசதிச் சங்கங்களிடம் ஏறத்தாழ இரண்டு லட்சம். ஊரில் பாதிப்பேர் இந்த இரண்டில் ஒன்றில் குடியிருக்கிறார்கள். வீடு ஒதுக்கும்போது வருமான உச்சவரம்பு பார்ப்பார்கள், ஆனால் அதை உயரமாக வைத்திருக்கிறார்கள். நடுத்தர வர்க்கமும் உள்ளே வரலாம். பிற்பாடு சம்பளம் உயர்ந்தால் காலி செய்யச் சொல்வதில்லை. அதனால் அது “ஏழைகள் காலனி” என்ற பெயர் எடுக்கவில்லை. இதனால் தனியாருக்கும் ஒரு கடிவாளம் விழுகிறது. பக்கத்துத் தெருவில் நகராட்சி வீடு நியாயமான வாடகைக்குக் கிடைக்கும்போது இவர் எவ்வளவுதான் ஏற்றிவிட முடியும்? 2019 முதல், குடியிருப்புக்காகப் புதிதாகத் திறந்துவிடும் பெரிய நிலங்களில் மூன்றில் இரண்டு பங்கு இப்படிப்பட்ட மானிய வீடுகளுக்கே என்று விதி செய்திருக்கிறார்கள். பணத்துக்கு, சம்பளத்தில் ஒரு சதவீதம் பிடித்தம். பாதி தொழிலாளி, பாதி முதலாளி.

அங்கேயும் குறை உண்டு. புதிதாக வருபவர்களுக்கு நகராட்சி வீடு சுலபத்தில் கிடைக்காது. அவர்கள் தனியாரிடம்தான் போகிறார்கள், அங்கே கெடு ஒப்பந்தம் பெருகி வருகிறது. என் மகளும் அப்படித்தான் இருக்கிறாள். இருந்தாலும் சட்டத்துக்கு உட்பட்டு இருக்கிறாள்.

சட்டம் மட்டும் போதுமா என்றால் பெர்லினைப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் வாடகைச் சட்டம் கெட்டியானது. அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது. எட்டு வருடத்துக்கு மேல் குடியிருந்தவருக்கு வீட்டுக்காரர் 9 மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதுவும் தக்க காரணத்தோடு. ஆனால் கையில் காசில்லை என்று 2004-இல் பெர்லின் அரசு, சுமார் 65,000 வீடுகள் வைத்திருந்த தன் நிறுவனத்தை வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு விற்றது. கிடைத்தது ரொக்கமாகச் சுமார் 40 கோடி யூரோ, கடன் சுமை வாங்கியவர்கள் தலையில். 2021-இல் அதே அரசு பெரிய நிறுவனங்களிடமிருந்து ஏறத்தாழ 14,750 வீடுகளைத் திரும்ப வாங்கியது. கொடுத்த விலை சுமார் 246 கோடி யூரோ. இதற்கு நடுவில் 2020-இல் வாடகைக்கு உச்சவரம்புச் சட்டம் போட்டுப் பார்த்தார்கள். அடுத்த வருடமே அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாது என்றது. விற்றது பெர்லின், விற்காமல் வைத்துக்கொண்டது வியன்னா. இரண்டு ஊருக்கும் இன்றைக்கு உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி அந்த ஒரு முடிவில் இருக்கிறது.

இனி நம் கதை. 1960-இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நாமெல்லாம் அறிவோம். ஜார்ஜ் டவுனிலும் மயிலாப்பூரிலும் தாத்தா காலத்து வாடகையில் பேரன் கடை நடத்தினான். நியாய வாடகை கேட்டுச் சிறுவழக்கு நீதிமன்றப் படியேறிய வீட்டுக்காரர் செத்து, அவர் மகன் வழக்கை நடத்தினான். அந்தச் சட்டம் முன்னால் வந்து உட்கார்ந்தவரைக் காப்பாற்றியது, புதிதாக வீடு தேடுபவரைக் கைவிட்டது. நம்மவர்களின் எரிச்சலுக்கு அதில் காரணம் உண்டு.

ஆனால் அதற்குப் பதிலாக என்ன வந்தது? 2017-இல் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டம். வாடகை என்பது இருவரும் எழுதிக்கொள்ளும் தொகை, அவ்வளவுதான். நியாய வாடகை என்ற பேச்சே போயிற்று. ஒப்பந்தம் முடிந்தால் கிளம்ப வேண்டும். அட்வான்ஸ் 3 மாதத்துக்கு மேல் கூடாது என்று எழுதிவிட்டு, வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர என்று ஒரு வாலையும் வைத்தார்கள். பதிவுத்துறையில் முப்பத்திரண்டு வருடம் ஆவணம் படித்தவன் நான். வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவன் அந்த வாலில் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வான்? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம் என்பதால் வந்த 11 மாத வழக்கமும் இன்றுவரை போகவில்லை. பதினோரு மாதத்துக்கு ஒரு முறை ஒரு குடும்பத்தின் வயிற்றில் புளி கரைகிறது. பிள்ளைக்கு அரையாண்டுத் தேர்வா, பெரியவருக்கு ஆபரேஷனா, யார் பார்க்கிறார்கள்?

இதோடு மற்றவையும் உண்டு. மின்வாரியம் 2016 முதல் வீட்டு இணைப்புக்கு 100 யூனிட் இலவசம் தருகிறது. வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே எட்டோ ஒன்பதோ ரூபாய் வாங்குகிறார். அரசு ஏழைக்குக் கொடுத்த சலுகையில் நாம் கமிஷன் அடிக்கிறோம். அப்புறம் அந்தக் கேள்வி, “நீங்க எந்த ஆளுங்க?” கவிச்சி சமைப்பீர்களா என்று சுற்றி வளைத்துக் கேட்பதும் அதே கேள்விதான்.

நண்பர்களே, வியன்னா நமக்கு அந்நியம் என்று சொல்லாதீர்கள். நம்மில் பலர் அதில் குடியிருந்திருக்கிறோம். சைதாப்பேட்டை தாடண்டர் நகரும் ராயப்பேட்டை பீட்டர்ஸ் காலனியும் என்னவாம்? தனியார் வீட்டில் இருந்த பதினோரு வருடத்தில் ஏழு வீடு மாறினேன். அதில் ஒருவர் தண்ணீர் மோட்டாரைக் காலையில் அரை மணி நேரம்தான் போடுவார். அரசு வாடகைக் குடியிருப்பு கிடைத்த நாளோடு அந்த அலைச்சல் நின்றது. வாடகைப்படியைப் பிடித்துக்கொண்டார்கள், வேறொரு தொல்லை இல்லை. ஜாதி கேட்கவில்லை, ஆணி அடிக்காதே என்று சொல்லவில்லை. பதினெட்டு வருடம் ஒரே பள்ளியில், ஒரே தெரு நண்பர்களோடு என் பிள்ளைகள் வளர்ந்தார்கள். சுவர் பெயர்ந்தது, மழைக்கு ஒழுகியது, வாஸ்தவம். இருந்தும் நிம்மதியாகத் தூங்கினோம். அரசாங்கம் கட்டி, விற்காமல், நியாயமான வாடகைக்கு விட்டால் அது எப்படி இருக்கும் என்று நாம் வாழ்ந்து பார்த்தவர்கள். அதே பாதுகாப்பை ஒரு ஆட்டோ ஓட்டுநரோ ஜவுளிக்கடைப் பெண்ணோ கேட்டால் மட்டும் நமக்குப் பொருளாதாரத் தத்துவம் ஞாபகம் வருகிறது.

அவர்களுக்கு அரசு கட்டித்தரவில்லையா என்பீர்கள். வீட்டு வசதி வாரியம் பிரதானமாக மனையும் வீடும் விற்கிறது. கூவம், அடையாற்றுக் கரையில் இருந்தவர்களுக்கு வீடு கிடைத்தது எங்கே? கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும். வேலையும் பள்ளியும் இருந்த இடத்திலிருந்து அத்தனை தூரத்தில். ஊருக்கு நடுவில் வாடகைக்கு வீடு கட்டியிருந்தால் அவர்கள் ஏன் ஆற்றங்கரைக்குப் போயிருப்பார்கள்?

பயத்தால்தான் வீடுகளைப் பூட்டி வைத்திருக்கிறோம் என்றொரு வாதம். 2011 கணக்கெடுப்பில் நாட்டின் நகரங்களில் பூட்டிக் கிடந்தவை சுமார் 1 கோடியே 10 லட்சம் வீடுகள். சரி, பழைய சட்டம் போய்விட்டது, பயத்துக்கும் காரணம் போய்விட்டது. என் தெருவில் பூட்டிக் கிடக்கும் ஐந்தில் ஒன்றுகூட இன்னும் திறக்கவில்லை. விலை ஏறட்டும் என்று வாங்கிப் போட்டவருக்கு இரண்டாயிரம், மூவாயிரம் வாடகை ஒரு பொருட்டா? பூட்டிய வீட்டுக்குக் கூடுதல் சொத்து வரி போட்டால் சாவி தானாக வெளியே வரும்.

பணம் எங்கே என்பவர்களுக்கு, என் பழைய துறையையே காட்டுகிறேன். கிரயப் பத்திரம் பதிய முத்திரைத் தீர்வையாக மட்டும் நூற்றுக்கு 7 ரூபாய் வாங்குகிறோம். அதில் ஒரு ரூபாயை வாடகை வீடு கட்ட மட்டும் என்று ஒதுக்கி, கட்டியதை விற்கக் கூடாது என்று சட்டத்தில் எழுதிவிட்டால் ஆரம்பத்துக்குப் போதும்.

அடுத்த மாதம் நம் ஓய்வூதியர் சங்கக் கூட்டம். அகவிலைப்படித் தீர்மானத்துக்குப் பிறகு நான் ஒரு தீர்மானம் கொண்டு வருகிறேன். தனியார் வீட்டுக்குக் குறைந்தது 3 வருட ஒப்பந்தம், வால் இல்லாத 3 மாத அட்வான்ஸ், ஊருக்குள்ளேயே அரசு வாடகைக் குடியிருப்பு. எதிர்த்துப் பேச வருகிறவர்கள் தங்கள் வீட்டு வாடகை ஒப்பந்த நகலோடும், பெங்களூரிலோ புனேயிலோ இருக்கும் பிள்ளை கையெழுத்துப் போட்ட ஒப்பந்த நகலோடும் வரவும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசலாம்.