கூறு போட்டால் மலையேறுமா?

பெரிய கம்பெனியை உடைத்தால் போட்டி வரும், போட்டி வந்தால் சேவை தானாக ஊர் ஊராகப் போய்ச் சேரும். இந்த நம்பிக்கை பொருளாதாரப் பத்தி எழுதுகிறவரிடமும் உண்டு, டீக்கடையில் பேப்பர் புரட்டுகிறவரிடமும் உண்டு. பி.எஸ்.என்.எல். பேச்சை எடுத்தாலே, "அதைப் பிரிச்சு வித்துட்டா எல்லாம் சரியாயிடும் சார்" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார். சொல்கிறவர் பெரும்பாலும் எல்லாக் கம்பெனி சிக்னலும் முழுசாக அடிக்கிற இடத்தில் நின்றுகொண்டுதான் சொல்வார்.

அவரை மலையடிவாரக் காரவள்ளியில் கொல்லிமலை பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால், ஆயிரம் மீட்டருக்கு மேலான உயரத்தில் 14 ஊராட்சிகள். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று பெயரிலேயே நாடு நாடாகக் கிடக்கிற மலை. பார்வைக்கு ஊர்கள் பக்கம் பக்கமாகத் தெரியும். நடுவில் ஒரு பள்ளமோ கரடோ குறுக்கே படுத்திருக்கும். மலைமேல் செம்மேட்டில் போனில் பேசிக்கொண்டே நடக்கலாம். சரிவில் இறங்கிக் கரடைச் சுற்றினால் பேச்சு பாதியில் அறுந்துவிடும். மலை மறைத்தால் அலை வராது, அவ்வளவுதான் விஷயம். இந்தப் பக்கத்துக்கு ஒரு டவர் போட்டால் அந்தப் பக்கத்துக்கு இன்னொன்று போட்டாக வேண்டும்.

சிக்னல் இப்போது வெறும் பேச்சுக்கு மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ரேஷன் கடையில் ரேகை வைக்கிற மெஷினுக்கு நெட் வேண்டும். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல், வேலை நடக்கும் இடத்தில் படம் பிடித்து ஆப்பில் ஏற்றினால்தான் வருகைப்பதிவு என்று ஆக்கினார்கள். படத்தைப் பிடித்துவிடலாம், ஏற்றுவதற்குப் போனைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு நடக்க வேண்டும். கொரோனா காலத்தில், கொல்லிமலை இருக்கிற இதே நாமக்கல் மாவட்டத்து மலையடிவாரப் பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்காக ஆலமரக் கிளையில் ஏறி உட்கார்ந்த படம் நாடெங்கும் போனது. பார்த்து உச்சுக் கொட்டினோம்.

டவர் கணக்கு எளிமையானது. சேலத்தில் ஒரு டவரின் கீழ் ஆயிரக்கணக்கில் போன்கள். மலையில் அதே இரும்பு, அதே கருவி. அதை மேலே ஏற்றக் கூடுதல் செலவு, கரண்ட் போனால் பேட்டரி, பேட்டரி தீர்ந்தால் டீசல், பழுதானால் கீழேயிருந்து ஆள். அடியில் இருப்பதோ சில நூறு போன்கள். லாபக் கணக்குப் போடத் தெரிந்த எந்தக் கம்பெனியும் இங்கே கடைசியாகத்தான் வரும். அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கம்பெனி வராத இடத்துக்கு நான்கு கம்பெனி எப்படி வரும்? நாலு பேரும் அதே கணக்கைத்தான் போடுவார்கள்.

ஒரு காலத்தில் இந்தக் கணக்கை வேறு மாதிரி சமாளித்தார்கள். எஸ்.டி.டி.க்கும் ஐ.எஸ்.டி.க்கும் கொள்ளை விலை வாங்கி, அந்தக் காசில் உள்ளூர் வாடகையையும் கிராமத்துக் கம்பியையும் தாங்கினார்கள். பம்பாய் வியாபாரி துபாய்க்குப் பேசிய காசில்தான் பட்டிக்காட்டுப் போன் மணியடித்தது. தபாலும் தந்தியும் ஒரே துறையாக இருந்ததை 1985ல் பிரித்தார்கள். அது வேலைப் பிரிவினை, விட்டுவிடலாம். 1986ல் போட்ட வெட்டுத்தான் கவனிக்க வேண்டியது. டெல்லியும் பம்பாயும் எம்.டி.என்.எல். என்று தனியாகப் போயின. வெளிநாட்டு அழைப்பு வி.எஸ்.என்.எல். ஆனது. சந்தையில் பலாப்பழத்தைக் கூறு போடும்போது சுளையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, சக்கையை 'மீதி' என்று கட்டிக் கொடுத்த மாதிரி. அந்த மீதிதான் 2000 அக்டோபர் 1ஆம் தேதி பி.எஸ்.என்.எல். என்ற பெயரில் கம்பெனியானது. கொல்லிமலை அந்த மீதியில் இருந்தது.

சுளைகளாவது நன்றாக இருந்தனவா? வி.எஸ்.என்.எல்.லை 2002ல் டாடாவுக்கு விற்றார்கள். விற்பனையில் சேராத 773 ஏக்கர் உபரி நிலத்தைத் தனியாகப் பிரித்து முடிக்க ஏறக்குறைய 17 ஆண்டு பிடித்தது. நிலத்தையே இந்த வேகத்தில் பிரிக்கிற அரசு, ஓடுகிற தொலைபேசிப் பிணையத்தை ராத்திரியோடு ராத்திரியாகப் பிரித்துவிடும் என்று நம்பச் சொல்கிறார்கள். எம்.டி.என்.எல். கடனில் மூழ்கி, 2019ல் அதை மறுபடி பி.எஸ்.என்.எல்.லோடு சேர்க்க மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. கிராமங்களுக்கு ஃபைபர் இழுக்க என்று 2012ல் பி.பி.என்.எல். என்றொரு தனிக் கம்பெனி தொடங்கினார்கள். பத்து வருஷத்தில், 2022ல், அதையும் பி.எஸ்.என்.எல்.லுக்குள்ளேயே இணைக்க ஒப்புதல் கொடுத்தார்கள். வெட்டிய கையே ஒட்டவும் செய்கிறது. பிரிப்பதை மந்திரமாகச் சொல்கிறவர்கள் இந்த ஒட்டு வேலையைப் பற்றி வாயே திறப்பதில்லை.

போட்டியால் நன்மையே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. 1995ல் செல்போன் வந்தபோது ஒரு நிமிடப் பேச்சுக்குப் பதினாறு ரூபாய் வரை ஆனது. உள்ளே வருகிற அழைப்புக்கும் காசு. இன்று அந்த விலையைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். விலையைக் குறைத்தது போட்டி, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் போட்டி புதிய கம்பெனிகள் உள்ளே வந்ததால் வந்தது. பழையதை உடைத்ததால் வந்ததில்லை. மேலும் விலை குறைவது வேறு, வந்து சேருவது வேறு. சிக்னல் இல்லாத ஊரில் ரீசார்ஜ் மலிவாக இருந்து என்ன பயன்?

கிராமக் கடமை எழுதிக் கொடுத்த தனியார்கள் என்ன செய்தார்கள் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. தொண்ணூறுகளில் குஜராத், ஆந்திரம், மகாராஷ்டிரம் உள்ளிட்ட ஆறு வட்டாரங்களில் லேண்ட்லைன் உரிமம் வாங்கிய கம்பெனிகள், இவ்வளவு கிராமங்களுக்குப் பொதுத் தொலைபேசி போடுவோம் என்று கையெழுத்துப் போட்டன. போட்டது அதில் சிறு பகுதி. கிராமத்துக்குப் போவதைவிட அபராதம் கட்டுவது அவர்களுக்கு மலிவாக இருந்தது.

உடைப்பதற்கு உதாரணமாக எப்போதும் அமெரிக்காவைக் காட்டுவார்கள். 1984 ஜனவரி 1ஆம் தேதி ஏ.டி. அண்ட் டி.யின் உள்ளூர்ச் சேவை ஏழு கம்பெனிகளாகப் பிரிந்தது. தொலைதூரக் கட்டணம் இறங்கியது, உண்மை. உள்ளூர் பில்லில் மாதந்தோறும் புதுக் கட்டணம் ஒன்று ஏறியதும் உண்மை. கிராமங்களைத் தாங்கத் தனி நிதி வைக்க வேண்டியிருந்தது. ஏழு பேரும் ஒருவரை ஒருவர் விழுங்கி, 2005ல் அந்த ஏழில் ஒன்று தாய்க் கம்பெனியையே வாங்கி அதன் பெயரையும் சூட்டிக்கொண்டது. நியூசிலாந்து 2011ல் கம்பியைத் தனிக் கம்பெனியாகவும் சேவையைத் தனிக் கம்பெனியாகவும் வெட்டியது. அது நல்ல வெட்டு. அங்கேயும் ஃபைபருக்கு அரசு பணம் போட்டது, கிராமப்புறத்துக்குத் தனித் திட்டம் தீட்டியது.

பி.எஸ்.என்.எல்.லுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பேட்டரி செத்து நாள் கணக்கில் டவர் படுத்துக்கிடந்தாலும் கேட்க ஆளில்லாத அலட்சியம் அங்கே ஊறிப்போனது. ஆனால் அதன் கையைக் கட்டியது யார்? 2007ல் நாலரைக் கோடி இணைப்புக்கான டெண்டரை வெட்டிச் சுருக்கினார்கள். 2010ல் அலைக்கற்றைக்கென்று 18,500 கோடி ரூபாய் கறந்தார்கள். தனியார் 2012லேயே 4ஜி தொடங்க, இதற்கு 4ஜி அலைக்கற்றை தர 2019 வரை இழுத்தடித்தார்கள். 2020 ஜனவரியோடு 78 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் விருப்ப ஓய்வில் போனார்கள். மலையேறிப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் அதில் அடக்கம்.

பணம் இல்லையென்று சொல்லவும் முடியாது. தொலைத்தொடர்புக் கம்பெனிகளின் வருவாயில் 5 சதவீதம், எட்டாத ஊர்களுக்கென்றே ஒரு நிதிக்குப் போகிறது, 2002லிருந்து நடக்கிறது. நம் ரீசார்ஜ் காசுதான் அது. 2019 வாக்கில் அதில் செலவழிக்காமல் கிடந்தது 50,000 கோடி ரூபாய் அளவுக்கு. கடைசியில் 2022 ஜூலையில், சிக்னலே இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 26,316 கோடி ஒதுக்கினார்கள். வேலையை யாரிடம் கொடுத்தார்கள்? பி.எஸ்.என்.எல்.லிடம். வேறு யாரையும் மலையேற்ற முடியாது என்று அரசுக்கே தெரிந்திருக்கிறது.

2017 செப்டம்பரில் இதே பி.எஸ்.என்.எல்.லின் 66 ஆயிரம் டவர்களைத் தனிக் கம்பெனியாக்க அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. டிசம்பரில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், திட்டம் தலையெடுக்கவில்லை. 2021ல் தேசியப் பணமாக்கல் திட்டம் என்று வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது: பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். இரண்டிலுமாக 14,917 டவர்கள். டவர் கம்பெனி வாடகையில் பிழைக்கும். ஒரே டவரில் மூன்று பேர் குடியிருந்தால் லாபம், ஒருவர் மட்டும் என்றால் நஷ்டம். கொல்லிமலைச் சரிவில் இரண்டாவது குடித்தனக்காரர் வருவாரா? ஆகவே, பிரிக்கிறோம் என்று அடுத்து யார் கிளம்பினாலும் டவர் பட்டியலை ஊர் வாரியாக வெளியிடட்டும். தனியாகப் போவது எவை, மீதியாக நிற்பது எவை, அந்த மீதிக்கு ஆண்டுதோறும் டீசலும் ஆளும் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று ஒவ்வொரு வரிக்கும் நேராக எழுதட்டும். பட்டியலில் சேலத்துக்கும் செம்மேட்டுக்கும் எதிரே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.